கலைச் செல்வம் காத்த கலாயோகி

ஈழமணித் திருநாடு ஈன்ற பெரியார்களுள் உலகம் முழுவதும் போற்றும் புகழ் படைத்தோர் சிலரேயாவர். அச்சிலருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள். அன்னார் எழுதிய கலை நூல்களின் பெருமையைக் கற்றோர் பலர் எடுத்துக் கூறியுள்ளனர். நாம் ஈண்டு கூறப்புகுவது அவர் வாழ்வின் வேறொரு பக்கத்தை. ஒரு நாட்டின் பழம்பொருட்கள் பேணுவாரற்று அழிவதையும், கைமாறிக் கைமாறி விலைபோவதையும் கண்டு கவன்று, அவற்றைக் காக்க அவர் செய்த முயற்சிகளையும், அம்முயற்சிகளுள் ஒன்று கைகூடாது போன கதையையும் எம் சங்கத்து இளைஞர் அறிதல் வேண்டும்.

இப்பொருளை நாம் தெரிந்தெடுத்தமைக்கு எமது வீட்டு நிகழ்ச்சியொன்றே காரணம். எமது ஊர் மன்னார்த் தீவிலுள்ள ஓலைத்தொடுவாய். 1990ஆம் ஆண்டு யுத்தத்திற்கு அஞ்சி எம்மவர் வள்ளமேறி இராமேசுவரக் கரைக்குப் போனபோது, எமது அம்மம்மா தமது தாய்வழி வந்த பித்தளைக் குத்துவிளக்கைச் சாக்கிற் சுற்றிப் பனைவளவுக்குள் புதைத்துவிட்டே புறப்பட்டாராம். பல வருடங்களின் பின் மண்டபம் முகாமிலிருந்து திரும்பி வந்து மணலைத் தோண்டியபோது, வைத்த இடத்திலேயே விளக்கு இருந்தது. யுத்தம் தீண்டாத அவ்விளக்கை நாம் ஐந்தாம் வகுப்பிற் பயின்ற காலத்தில், மோட்டார்ச் சைக்கிளில் வந்த பழைய சாமான் வியாபாரி ஒருவர் தராசில் நிறுத்து எடுத்துச் சென்றார். பதிலுக்குச் சிறிது பணமும் ஒரு புதிய எவர்சில்வர்ப் பாத்திரமும் கிடைத்தன. விற்றவர் எம்மவரே. வீட்டிற் பணமுடை இருந்ததும் உண்மையே. ஆயினும் விளக்கின் தண்டிற் பொறித்திருந்த எழுத்துக்களை எம்முள் ஒருவரேனும் பார்த்தெழுதி வைக்கவில்லை. இன்று அம்மம்மாவும் இல்லை. அவ்வெழுத்து யாதென்று சொல்ல வல்லார் எவரும் இல்லை.

நாம் மிஷன் பாடசாலையிற் கல்வி பயின்றவர். சிவபிரானின் ஆனந்தத் தாண்டவத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூலொன்றை முதன்முதல் எமது கையில் தந்தவர் அங்கு கற்பித்த கத்தோலிக்கத் துறவி ஒருவரே என்பதை நன்றியுடன் கூறுகின்றோம். நூலின் முகப்பில் ஒரு தமிழ்ப் பெயர் இருக்கக் கண்டு வியந்தோம். அப்பெயருக்குரியாரின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் எமது வீட்டு விளக்கின் நினைவு மீண்டும் எம்மை வந்து பற்றிக்கொண்டது.

பிறப்பும் கல்வியும்

ஆனந்த குமாரசுவாமி அவர்கள் 1877ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22ஆந் திகதி கொழும்பிலே பிறந்தார். கொழும்பு நூதனசாலை மக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டதும் அதே 1877ஆம் ஆண்டிலேயாம். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி அவர்கள் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக வீற்றிருந்தவர். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1863இல் இலண்டனில் வெளியிட்டவர். தாயார் எலிசபெத் கிளே பீபி என்னும் ஆங்கிலப் பெருமாட்டி. சேர் பொன்னம்பலம் இராமநாதன், சேர் பொன்னம்பலம் அருணாசலம் ஆகிய இருவரும் தந்தையாரின் சகோதரி மைந்தராதலால் இவருக்கு மைத்துனர் முறையினர்.

குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பு முன்னரே, 1879ஆம் ஆண்டு மே மாதத்தில், தந்தையார் காலமானார். பிள்ளை தாயாரின் நாட்டிலேயே வளர்ந்தது. உவிக்கிளிப் கல்லூரியிலும், பின்னர் இலண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியிலும் பயின்று, புவிச்சரிதவியலிலும் தாவரவியலிலும் 1900ஆம் ஆண்டிற் சிறப்புடன் தேறினார். தமிழும் சைவமும் அறியாத சூழலில் வளர்ந்த பிள்ளை இலங்கைக்குத் திரும்பியது ஆலயத்தையோ சிற்பத்தையோ தேடியன்று. கல்லையும் கனியத்தையும் தேடியே. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனியப்பொருள் அளவையின் முதற் பணிப்பாளராக விளங்கினார். தோரியனைற்று என்னும் புதிய கனியத்தை 1904இல் உலகறியச் செய்தவரும் அவரே. அவ்வாராய்ச்சிகளுக்காக இலண்டன் சர்வகலாசாலை அவருக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டம் வழங்கிற்று.

கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு வேண்டுகோள்

கல்லைத் தேடிக் கிராமந்தோறும் நடந்தவர் கண்ட காட்சிகள் அவருடைய வாழ்வையே மாற்றிவிட்டன. கண்டி நாட்டு விகாரைகளில் ஓவியங்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. திருத்தம் என்ற பெயரால் பழைய வேலைப்பாடுகள் கெடுக்கப்பட்டன. அரசர் காலத்தில் இராசகாரிய முறையினாற் காணி பெற்று, தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்த தட்டாரும் தச்சரும் ஓவியரும், அம்முறை குலைந்தபின் ஆதரிப்பாரின்றி நின்றனர். சீமையிலிருந்து வந்த மலிவுச் சாமான்கள் பெரிய வீடுகளின் மண்டபங்களில் ஏறியமர, முன்னோர் வழங்கிய பொருட்கள் பரணுக்குப் போயின. பரணுக்குப் போன பொருள் பின்னர் வியாபாரியின் கைக்குப் போவது உலக வழக்கமன்றோ?

1905ஆம் ஆண்டில் அவர் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதமொன்று வரைந்தார். பழைய கட்டடங்களையும் கலைப்பொருட்களையும் காக்கும் கடமையை அவர்களுக்கு நினைவூட்டிற்று அக்கடிதம். அவர் கள்வரை நோக்கி எழுதவில்லை. அந்நியத் துரைமாரை நோக்கியும் எழுதவில்லை. பொருளுக்கு உரிமையுடையோரையே விளித்து எழுதினார். உடையவன் மதியாத பொருளை ஊரான் மதிக்கமாட்டான் என்பதை இருபத்தெட்டு வயது கூட நிரம்பாத அவ்விளைஞர் உணர்ந்திருந்தார். அதே ஆண்டில் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் தோன்ற, அதன் தலைவராக இருந்து, நடை உடை பாவனைகளில் ஐரோப்பியரைக் கண்மூடிப் பின்பற்றுவதைக் கண்டித்தார். தாய்மொழிக் கல்விக்காகவும், இலங்கைக்கென ஒரு சர்வகலாசாலை வேண்டுமென்றும் வாதாடினார்.

வேண்டுகோளோடு அவர் நின்றாரல்லர். கிராமந்தோறும் சென்று தொழிலாளரிடமே கேட்டு, அவர்தம் தொழில் முறைகளையும் அளவுகளையும் கருவிகளின் பெயர்களையும் குறித்துக்கொண்டார். துணைவியார் எதெல் மேரி அவர்கள் படம்பிடித்து உதவினார். இவ்வுழைப்பின் பயனாக மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூல் 1908ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. வில்லியம் மொறிஸ் என்னும் அறிஞர் முன்னர் பயன்படுத்திய கையச்சு இயந்திரத்திலே, பதினைந்து மாத காலம் உழைத்து, 425 பிரதிகள் மாத்திரமே அச்சிடப்பட்டன. தமிழ்ச் சைவக் குடும்பத்திற் பிறந்த ஒருவர் சிங்கள பௌத்தரின் கலைக்குச் செய்த தொண்டு இது. ஒரு நாட்டின் முதுசொம் ஒரு சமயத்தாருக்கோ ஓரினத்தாருக்கோ மட்டும் உரியதன்று என்பதை அவர் சொல்லிக் காட்டாது செய்தே காட்டினார். இந்துக்களும் கத்தோலிக்கரும் இஸ்லாமியரும் அடுத்தடுத்து வாழும் எமது தீவினர் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

பொலநறுவைச் சிவாலயங்களிலே 1907, 1908ஆம் ஆண்டுகளிற் கண்டெடுக்கப்பட்ட நடராசர் முதலாய வெண்கலத் திருவுருவங்களைப் பற்றியும் அவர் எழுதினார். கொழும்பு நூதனசாலையின் வெளியீடாக அந்நூல் 1914இல் வந்தது. அத்திருவுருவங்கள் தொல்பொருட் பகுதியாரின் கையிற் கிடைத்து நூதனசாலையைச் சேர்ந்தமையால் இன்றும் எமது நாட்டிலேயே உள்ளன. கிழக்குக் கரையிலே திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட பகுதியிற் கிடைத்த பொன்முலாம் பூசிய தாராதேவியின் உருவமோ, தேசாதிபதி பிறவுண்றிக்கின் கைப்பட்டு, 1830இல் பிரித்தானிய நூதனசாலைக்குக் கொடுக்கப்பட்டு, இன்றும் அங்கேயே உள்ளது. ஒரே தீவின் மண்ணிற் பிறந்த திருவுருவங்கள். முதலிற் பட்ட கை எதுவோ அதுவே அவற்றின் விதியாயிற்று.

நாடு ஏற்காத கொடை

பின்னர் குமாரசுவாமி அவர்கள் பாரத நாட்டின் பல பாகங்களிலும் யாத்திரை செய்தார். 1910, 1911ஆம் ஆண்டுகளில் அலகாபாத்தில் நடந்த பெருங் கண்காட்சியின் கலைப்பகுதி அவருடைய பொறுப்பில் இருந்தது. இராசபுத்திர நாட்டிலும் இமயமலைச் சாரலிலும் வரையப்பட்ட ஓவியங்கள் அக்காலத்திற் கடைவீதிகளில் மதிப்பின்றிக் கிடந்தன. அவற்றை மொகலாய ஓவியத்தினின்றும் பிரித்தறிந்து, அவற்றுக்கெனத் தனி வரலாறு எழுதியவர் இவரே. 1916இல் வெளிவந்த இராசபுத்திர ஓவியம் என்னும் இரு பாக நூல் அதற்குச் சான்றாகும். தந்தையார் வைத்துச் சென்ற செல்வத்தைக் கொண்டு அவர் அவ்வோவியங்களையும் சிற்பங்களையும் வாங்கிச் சேர்த்தார்.

சேர்த்ததைத் தமக்கென வைத்துக்கொள்ள அவர் எண்ணவில்லை. காசியம்பதியிலே தேசிய நூதனசாலையொன்று அமைக்கப்படுமாயின் தமது தொகுதி முழுவதையும் அதற்கு அளிக்கவும், அதனை மேற்பார்வை செய்யவும் முன்வந்தார். நூதனசாலைக்கு வேண்டிய பணம் சேரவில்லை. மகாராசாக்களும் செல்வர்களும் நிறைந்திருந்த பாரத நாட்டில் அக்கொடையை ஏற்க ஓர் இல்லம் எழவில்லை.

அப்போது முதலாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அடிமை நாட்டார் தம்மை அடிமைப்படுத்தியோருக்காகப் போர்புரிதல் தகாது என்பது குமாரசுவாமி அவர்களின் கொள்கை. இங்கிலாந்தில் வாழ்வது அவருக்கு அரிதாயிற்று. 1917ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பொஸ்ரன் நுண்கலை நூதனசாலை அவரை இந்தியக் கலைப்பகுதிக்குப் பொறுப்பாளராக அழைத்தது. டென்மன் றொஸ் என்னும் செல்வர் அவருடைய தொகுதியை விலைகொடுத்து வாங்கி அந்நூதனசாலைக்கு நன்கொடையாக அளித்தார். நாட்டின் பழம்பொருட்களைப் பேணுங்கள் என்று பிரதானிகளை இரந்து நின்றவரின் சொந்தத் தொகுதியே இறுதியில் விலைபோய்க் கடல் கடந்தது.

இதுகொண்டு பெரியாரைக் குறைகூறலாமா? உண்மையை மறைத்தல் அன்னார் புகழுக்கு அழகன்று. விற்பனை நடந்தது உண்மை. அத்தொகுதி இன்றும் பொஸ்ரனில் இருப்பது உண்மை. ஆயினும் அவர் முதலில் அதனைக் கொடையாகவே நீட்டினார் என்பதும் அதற்குச் சமமான உண்மை. நீட்டிய கையை நாடு தட்டிவிட்டது. ஆதலின் பழியிற் பெரும்பங்கு கொடுக்க வந்தவருக்கன்று, ஏற்க மறந்தவர்களுக்கே உரியது என்பது எமது துணிபு.

எமது அயலிலேயே இதற்கு மாறான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பாழ்பட்டுக் காடு மண்டிக் கிடந்த திருக்கேதீச்சரத்தை மீட்டெடுக்குமாறு ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் 1872ஆம் ஆண்டிற் சைவ மக்களை வேண்டிக்கொண்டார். 1893இல் அரசாங்கம் அக்காணியை ஏலத்தில் விட்டபோது, சைவ மக்களின் சார்பில் அது வாங்கப்பட்டது. தக்க தருணத்திற் பணமும் மனமும் ஒன்றுகூடியமையால், வேறு எவர் கைக்கேனும் போயிருக்கக்கூடிய திருத்தலம் எமக்கு மிஞ்சிற்று. காசியில் நிகழாதது மாதோட்டத்தில் நிகழ்ந்தது.

ஓர் ஐயமும் விடையும்

எம்மோடு பயிலும் நண்பர் ஒருவர் எம்மை மடக்கினார். அத்தொகுதி பொஸ்ரனுக்குப் போனதனாலன்றோ பத்திரமாக இருக்கின்றது, இங்கிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றார். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. அதனை நினைக்குந்தோறும் நண்பரின் வினாவுக்கு இலகுவில் விடை கூற இயலாது நாம் தடுமாறியது உண்மை.

பின்னர் ஆழ்ந்து எண்ணியபோது ஒன்று தெளிவாயிற்று. நூலகம் எரிந்தது பொருட்கள் இங்கிருந்தமையாலன்று. காக்க வேண்டியோர் காவாமையால். பிள்ளைக்கு நோய் வந்தால் மருந்து தேடுவதா, பிள்ளையை விற்றுவிடுவதா? மேலும், விலைபோகும் பொருட்களெல்லாம் பொஸ்ரன் போன்ற பொது இல்லத்தை அடைவதில்லை. பெரும்பாலானவை தனியார் ஒருவரின் பூட்டிய அறைக்குள் மறைந்துவிடுகின்றன. அங்கே ஆராய்வாரும் இல்லை, காண்பாரும் இல்லை, வழிபடுவாரும் இல்லை.

நூதனசாலையிலே முப்பது ஆண்டு பணிபுரிந்த குமாரசுவாமி அவர்களே நூதனசாலையைப் போற்றிப் பாடவில்லை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அங்குள்ள பொருட்கள் அங்கு வைப்பதற்காகச் செய்யப்பட்டவையல்ல, வாழ்விலும் வழிபாட்டிலும் பயன்படுவதற்காகவே செய்யப்பட்டவை என்று அவர் வற்புறுத்தினார். அழிவினின்றும் காப்பதும், பொருளின் கருத்தை விளக்குவதுமே நூதனசாலையின் கடமை என்றார். விக்கிரகம் ஒன்றிற்கு விலைச்சீட்டுக் கட்டும்போது அதன் பொருளையே நாம் இழந்துவிடுகின்றோம்.

போன பொருட்கள் மீள்வதும் உண்டு. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவு போன நடராசர் திருவுருவத்தை 2008ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் ஏறக்குறைய ஐம்பது இலட்சம் அமெரிக்க டொலர் கொடுத்து ஒரு வியாபாரியிடம் வாங்கிற்று. 2014இல் அது பாரதத்திற்குத் திருப்பி அளிக்கப்பட்டது. அது அக்கோயிலுக்கே உரியதென்று நிலைநாட்ட உதவியது, புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் முன்னர் எடுத்துவைத்திருந்த புகைப்படம். ஒல்லாந்தர் 1765இற் கண்டி அரண்மனையிலிருந்து கொண்டுபோன பீரங்கி உட்பட ஆறு பழம்பொருட்களை நெதர்லாந்து அரசு 2023ஆம் ஆண்டில் இலங்கைக்கு மீட்டளித்தது. எழுத்தோ படமோ சான்றாக உள்ள பொருளுக்கே மீளும் வழி உண்டு. எமது வீட்டு விளக்குக்கு அவ்வழியும் இல்லை.

நாம் செய்யத்தக்கது

குமாரசுவாமி அவர்கள் பொஸ்ரனில் இருந்தவாறே நூற்றுக்கணக்கான கட்டுரைகளும் பல நூல்களும் எழுதினார். சிவானந்த நடனம் 1918இலும், இந்திய இந்தோனேசியக் கலை வரலாறு 1927இலும் வெளிவந்தன. எழுபதாவது பிறந்தநாள் நிறைவெய்தியபின் பாரத நாடு திரும்பி இமயமலைச் சாரலில் அமைதியாக வாழ எண்ணியிருந்தார். ஆனால் பாரதம் விடுதலை பெற்ற மறு மாதம், 1947 செப்டெம்பர் 9ஆந் திகதி, பொஸ்ரனுக்கு அண்மையிலுள்ள நீடமில் தமது வீட்டிலே காலமானார். அவர் சேர்த்த ஓவியங்களைப் போலவே அவரும் திரும்பவில்லை. மலாயாவில் ஆசிரியராயிருந்த எஸ். துரைராஜசிங்கம் அவர்கள் அன்னாரைப் பற்றிய குறிப்புகளையும் கடிதங்களையும் நினைவுரைகளையும் ஆண்டுக்கணக்காகத் தேடித் தொகுத்து வெளியிட்டார். காக்க வந்தவரின் நினைவைக் காக்கவும் ஒருவர் வேண்டியிருந்தது.

இன்று எமக்குச் சட்டத்தின் துணை உண்டு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச்சட்டத்தின்படி, மண்ணுட் கிடந்து வெளிப்படும் தொல்பொருள் அரசுக்கு உரியது. கண்டவர் அறிவித்தல் கடமை. அனுமதிப்பத்திரமின்றித் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோதல் குற்றம். 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டம் இத்தகைய பொருட்களின் ஏற்றுமதியையும் வியாபாரத்தையும் கட்டுப்படுத்துகின்றது. ஆயினும் எமது வளவின் மூலையிற் கிண்டியெடுத்த காசையும் மணியையும் எந்தச் சட்டம் வந்து பார்க்கும்? மாதோட்டத்தில் 1980 முதல் 1984 வரை அகழ்வாராய்ச்சி நடந்து, யுத்தத்தினால் நின்றுபோயிற்று. மேற்கிலும் கிழக்கிலுமிருந்து மரக்கலங்கள் வந்து கூடிய பழைய துறைமுகம் அது. அதன் அயலில் வாழும் நாம் ஒவ்வொருவரும் காவற்காரரே.

ஆதலால் எமது சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். கிராமந்தோறும் வீடுவீடாகச் சென்று, முன்னோர் வழங்கிய விளக்கு, செம்பு, ஏட்டுச்சுவடி, கல்லெழுத்து ஆகியவற்றைப் படமெடுத்து, அளந்து, உடையவர் சொல்லும் வரலாற்றையும் எழுதி ஒரு பதிவேடு தொடங்குவோம். பொருள் உடையவரிடமே இருக்கட்டும். பணமுடையால் விற்க நேர்ந்தால், வியாபாரியிடம் போகுமுன் சங்கத்துக்குச் சொல்லட்டும். அந்நெருக்கடியில் கைகொடுக்கச் சங்கத்தில் ஒரு சிறுநிதியும் வேண்டும். வறியவரைப் பார்த்து விற்காதே என்று மட்டும் சொல்லிப் பயனில்லை. காசியில் இல்லாதுபோன நிதியே இதற்குச் சாட்சி. பெரியோர்கள் தமக்குத் தெரிந்ததைச் சொல்லித் தருவார்களாக. இளைஞராகிய நாம் எழுதிக்கொள்வோம்.

தொடுவாய் என்பது கடலும் உள்நீரும் தொட்டுக்கொள்ளும் வாயில். எமது ஊரார் அதனூடு போகும் நீரையும் வரும் நீரையும் பார்த்தே தொழில் செய்கின்றனர். எமது முன்னோரின் செல்வமும் எவ்வழியே போகின்றது என்று பார்த்திருப்போமாக. கலாயோகியின் திருநாளாகிய ஆகஸ்டு 22ஆந் திகதி அப்பதிவேட்டின் முதற் பக்கத்தை எழுதத் தொடங்குவோம். முதற் பக்கத்தில் எழுதுவதற்கு எம்மிடம் விளக்கு இல்லை; விளக்கு இருந்த கதை மட்டுமே உண்டு. அதனையே எழுதிவைப்போம்.